மரியா மாண்டிசோரி: ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தொடங்கிய கதை



போன கூட்டத்துக்கு நீங்கள் வந்திருந்தால் நினைவிருக்கும். லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டன. முக்கால் மணி நேரம் ஓடியது பிள்ளைகள் விவகாரத்தில்தான். படிக்கட்டுச் சுவரில் கிரேயான் கிறுக்கல், நிறுத்திவைத்த கார் மேல் பந்து, லிஃப்ட்டில் எல்லாத் தளத்துப் பொத்தானையும் அழுத்திவிட்டு ஓடுவது. கடைசியில், பின்பக்கம் இருக்கும் மணல் குழியை மூடி பைக் நிறுத்தும் இடமாக்கிவிடலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. முடிவெடுக்காமல் அடுத்த பொதுக்குழுவுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

அன்றிரவு வீட்டுக்குப் படியேறும்போது எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. நூறு வருடத்துக்கு முன்பு ரோம் நகரத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தை நிர்வகித்தவர்களுக்கும் இதே தலைவலிதான். அவர்கள் ஒரு பெண் டாக்டரைக் கூப்பிட்டார்கள். அந்த டாக்டரின் பெயர் இன்று மூலக்குளத்திலிருந்து இந்திரா காந்தி சதுக்கம் போவதற்குள் ஏதாவது ஒரு மழலையர் பள்ளிப் பலகையிலாவது உங்கள் கண்ணில் படும். பலகையில் பார்த்திருப்பீர்கள். அந்த மனுஷியின் வாழ்க்கையைக் கொஞ்சம் கேளுங்கள்.

டாக்டராக வந்த பெண்

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அரசு அலுவலர், கண்டிப்பானவர். அம்மா நிறையப் படிப்பவர். ஒரே மகள். பெண் பிள்ளை என்றால் ஆசிரியர் வேலைக்குப் படிக்கட்டும் என்பது அப்பாவின் எண்ணம். மகளோ முதலில் பொறியியல் பக்கம் போய், பிறகு மருத்துவம்தான் வேண்டும் என்று நின்றார். அம்மா துணை நின்றார். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, அந்த நாட்டின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவரானார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து நின்று பிணத்தை அறுத்துப் படிக்கக் கூடாது என்பதால், எல்லோரும் போன பிறகு தனியாகப் படிக்க வேண்டியிருந்தது.

பட்டம் பெற்றபின் மனநல மருத்துவப் பிரிவில் வேலை. அதற்காக ரோமின் மனநலக் காப்பகங்களுக்குப் போவார். மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று சொல்லி அங்கே பெரியவர்களோடு அடைத்து வைத்திருந்த குழந்தைகளைப் பார்த்தார். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் ஒரு சம்பவத்தைக் குறிப்பிடுவார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகிறார்கள், பார்க்க அருவருப்பாக இருக்கிறது என்று காப்பகத்துப் பெண்மணி குறைப்பட்டுக்கொண்டார். மாண்டிசோரி சுற்றிலும் பார்த்தார். அந்த அறையில் வெறும் சுவரும் தரையும்தான். குழந்தைகள் துணுக்கைத் தின்பதற்காக எடுக்கவில்லை. கையில் வைத்து உருட்ட, பிசைய, பார்க்க அவர்களுக்கு வேறொன்றும் இல்லை. பசி வயிற்றில் இல்லை, கையில் இருந்தது.

அவர் வாழ்க்கை முழுதும் இந்த ஒரு பார்வையிலிருந்து கிளம்பியது என்றே சொல்லலாம். இத்தார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் முன்பே இந்த வழியில் வேலை செய்திருந்தார்கள். அவர்களின் எழுத்தைத் தேடிப் படித்தார். 1900இல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளி ஒன்றுக்கு இணை இயக்குநரானார். காலை முதல் மாலை வரை குழந்தைகளோடு இருந்தார். படிக்கவே வராது என்று ஒதுக்கப்பட்ட சில பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்கான அரசுத் தேர்விலேயே தேறினார்கள். ஊரே பாராட்டியது. அவருக்கோ வேறு கேள்வி. இந்தக் குழந்தைகள் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்றால், சாதாரணப் பள்ளிகளில் நன்றாக இருக்கும் பிள்ளைகளை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

மராமத்துச் செலவில் ஒரு பள்ளி

இப்போது அந்தக் கட்டடத்துக்கு வருவோம். ரோமில் சான் லொரென்சோ ஏழைத் தொழிலாளர் பகுதி. ஒரு வீட்டு நிறுவனம் அங்கிருந்த பாழடைந்த அடுக்குமாடிகளைச் செப்பனிட்டுக் குடும்பங்களைக் குடிவைத்தது. பெற்றோர் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் நாள் முழுதும் மாடிப்படிகளில் ஓடுவார்கள். புதுச் சுவரில் கிறுக்கல், உடைசல். நிறுவனம் கணக்குப் போட்டுப் பார்த்தது. வருடா வருடம் மராமத்துக்குச் செலவாகும் பணத்தை வைத்து, அதே கட்டடத்தில் ஒரு அறையை ஒதுக்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டால் என்ன?

1907 ஜனவரி 6 அன்று அந்த அறை திறந்தது. ஐம்பதுக்கு மேல் குழந்தைகள், ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள். அதற்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர் வைத்தார்கள். பொறுப்பேற்ற பெண் அந்தக் கட்டடத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெற்றோருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விதி இருந்தது. பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும், வாரத்துக்கு ஒரு முறையாவது அம்மா வந்து ஆசிரியையிடம் பேச வேண்டும். எந்த நேரமும் வந்து பார்க்கும் உரிமையும் அம்மாக்களுக்கு இருந்தது. நம் சங்கத்து விதிமுறைப் புத்தகத்தை எழுதியவர்கள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள்.

மாண்டிசோரி அங்கே பாடம் நடத்தவில்லை. ஓரமாக நின்று பார்த்தார். ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் இருந்த துளைகளில் உருளைகளைப் பொருத்தி, கழற்றி, மறுபடி பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றி மற்றப் பிள்ளைகளைப் பாடவைத்துப் பார்த்தார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார், கட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின், நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவள் போலத் தெளிந்த முகத்தோடு நிமிர்ந்தாள். அவளை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை.

இன்னொரு நாள் பொருட்கள் வைத்த அலமாரி பூட்டாமல் கிடந்தது. ஆசிரியை வருவதற்குள் பிள்ளைகள் தாங்களே வேண்டியதை எடுத்து வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஆசிரியைக்கு அது திருட்டாகத் தெரிந்தது. மாண்டிசோரிக்கு அது தேர்வாகத் தெரிந்தது. அதன்பின் பூட்டிய அலமாரி போய், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அடுக்கு வந்தது. இன்று நீங்கள் மழலையர் பள்ளிகளில் பார்க்கும் குட்டை அலமாரியின் கதை இதுதான்.

சுவர்க் கிறுக்கலும் குறைந்தது. அடி உதையால் அல்ல. கைக்கு வேலை கிடைத்ததால்.

பேச்சு நின்றுபோன பிள்ளைகள்

1908 டிசம்பர் 28. இத்தாலியின் மெஸ்ஸினா நகரத்தை நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த கடல் அலையும் அழித்தன. பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். இடிபாடுகளிலிருந்து மீட்ட குழந்தைகளில் சுமார் அறுபது பேர் ரோமில் கன்னியாஸ்திரிகள் நடத்திய மடம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். தங்கள் பெயரோ குடும்பமோ யாருக்கும் தெரியாத பிள்ளைகள். பேச்சில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரியில் அலறல். மாண்டிசோரியின் முறையில் அவர்களுக்காக ஓர் இல்லம் அமைந்தது.

யாரும் அவர்களை உட்காரவைத்து, என்ன நடந்தது சொல் என்று கேட்கவில்லை. அளவுக்கேற்ற சிறிய மேசை நாற்காலி, வண்ணத் திரை, அழகான தட்டு, பூஞ்சாடி வைத்தார்கள். மேசை விரிப்பது, பரிமாறுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கட்டைகளை அடுக்குவது என்று பிள்ளைகளின் கைக்கு வேலை கிடைத்தது. நாளடைவில் பசி வந்தது, தூக்கம் வந்தது. பிறகு ஓட்டமும் சிரிப்பும் வந்தன.

இதைப் படிக்கும்போது நம் கடற்கரை உங்களுக்கு ஞாபகம் வரும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் மீனவர் குப்பங்களிலும் இப்படிப் பேச்சடங்கிய பிள்ளைகள் இருந்தார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வரையவிட்டு, கதை சொல்லவிட்டு, விளையாடவிட்டு அந்தப் பிள்ளைகளை மீட்கும் முயற்சி நடந்தது. வாயால் சொல்ல முடியாததைக் கலர் பென்சில் சொன்னது.

1917இல், முதல் உலகப் போர் நடக்கும்போதே, மாண்டிசோரி ஒரு திட்டம் வைத்தார். போரில் அடிபட்ட வீரனுக்குச் செஞ்சிலுவை இருப்பது போல, போரில் மனம் உடைந்த குழந்தைக்கு வெண்சிலுவை என்று ஓர் அமைப்பு வேண்டும் என்றார். அது பெரிய அமைப்பாக உருவாகவில்லை. ஆனால் குழந்தையின் மனதுக்கும் காயம் உண்டு, அதற்கும் முதலுதவி உண்டு என்று அவர் சொன்ன காலத்தை நினைத்துப் பாருங்கள்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் காலமான பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த வாரம். ஐந்து வயதுப் பேரன் ஹாலில் பொம்மையைப் படுக்கவைத்து, துண்டைப் போர்த்தி, பூஜைப் பூவை அதன் மேல் போட்டு, சுற்றிச் சுற்றி வந்தான். அபசகுனம் என்று கத்தி, பொம்மையைப் பிடுங்கி பீரோ மேல் வைத்தது நான்தான். பெரிய தாத்தா ஏன் எழுந்திருக்கவில்லை என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷையில் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அதையும் நிறுத்திவிட்டேன். அதன்பின் பல இரவுகள் விளக்கை அணைக்கவிடாமல் அழுதான்.

தாய் பிரிந்த மகன்

குழந்தைகளைப் பற்றி உலகுக்கே சொன்ன மாண்டிசோரியின் வாழ்க்கையில் ஒரு பெரிய மௌனம் இருந்தது. 1898 மார்ச் 31 அன்று அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் மரியோ. தந்தை உடன் பணிபுரிந்த மருத்துவர். திருமணம் நடக்கவில்லை. அந்த நாளில் இது வெளியே தெரிந்தால் அவருடைய வேலையும் பெயரும் போய்விடும். குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். அவர் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார், அம்மா என்று சொல்லிக்கொள்ளாமல். சான் லொரென்சோவில் அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய சொந்தப் பிள்ளை வேறு வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். தம் அம்மா இறந்தபின், 1913இல்தான், பதினைந்து வயது மரியோ அவருடன் வந்து சேர்ந்தார். அப்போதும் உலகத்துக்கு உறவுப் பையன், வளர்ப்பு மகன் என்றுதான் சொல்லப்பட்டது.

நல்லவர் என்பதால் குறையை மறைக்க வேண்டியதில்லை. அரசியலிலும் அவருக்குச் சறுக்கல் உண்டு. 1920களில் முசோலினி அரசின் ஆதரவை ஏற்றார். ஒத்துப்போக முடியாமல் 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் இருந்தார். 1936இல் அங்கே உள்நாட்டுப் போர் வரவே நெதர்லாந்துக்குப் போனார்.

அடையாறும் கோடைக்கானலும்

பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததன் பேரில் 1939 நவம்பரில் மாண்டிசோரி மகனோடு சென்னை அடையாறு வந்து இறங்கினார். வயது அறுபத்தொன்பது. சில மாதம் தங்கும் எண்ணம்தான். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறுக்கும் மேற்பட்டோர் முதல் பயிற்சி வகுப்புக்கு வந்தார்கள். ஓலைக் கொட்டகையில் வகுப்பு. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத்தில் போய்விடும் இடம் அது.

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டன் மீது மட்டுமல்ல, பிரான்ஸ் மீதும். பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரியும் அன்று அவருக்கு எதிரி மண்தான். மரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மாண்டிசோரி சபை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. பதினைந்து வருடம் பிரிந்திருந்து சேர்ந்த பிள்ளை மறுபடி பிரிந்தார்.

அந்த ஆகஸ்ட் 31 அவருக்கு எழுபதாம் பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து செய்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுவிக்கிறோம் என்பது அதன் சாரம். மகன் என்றே அதில் இருந்தது. நாற்பத்திரண்டு வருடம் சொல்லப்படாத உறவை ஓர் அரசாங்கத் தந்தி சொல்லிவிட்டது.

1942 முதல் 1944 வரை கோடைக்கானலில் இருந்தார். சிறு குழந்தைகளைத் தாண்டி ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான கல்வி முறை அங்கேதான் வடிவம் பெற்றது. 1946இல் ஐரோப்பா திரும்புவதற்குள் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்திருந்தார். மறுபடியும் வந்தார். அவருடைய முக்கியமான நூல்களில் ஒன்று 1949இல் அடையாறில் அச்சானது. 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் கடலோர ஊர் ஒன்றில் காலமானார். அவருடைய பணியை மரியோ தன் காலம் வரை நடத்தினார்.

விளையாட்டு எப்படி மருந்தாகிறது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாண்டிசோரி இன்று சொல்லப்படும் விளையாட்டுச் சிகிச்சை செய்தவர் அல்ல. குழந்தை செய்வதை விளையாட்டு என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதே அவருக்குப் பிடிக்காது. அதை வேலை என்பார். பொம்மையைவிட நிஜமான துடைப்பமும் குவளையும் பிள்ளைக்கு மேல் என்பது அவர் கட்சி. பாவனை விளையாட்டுக்கு அவர் அதிக இடம் தரவில்லை. விளையாட்டுச் சிகிச்சையாளர்களோ பாவனை விளையாட்டில்தான் குழந்தையின் பயமும் கோபமும் வெளியே வருகிறது என்பார்கள். என் பேரன் விஷயத்தில் அவர்கள் சொல்வதுதான் சரி.

ஆனால் இருவருக்கும் அடித்தளம் ஒன்று. வியன்னாவில் மாண்டிசோரி ஆசிரியர் பட்டயம் பெற்ற எரிக் எரிக்சன் பிறகு பெரிய குழந்தை மனநல அறிஞரானார், பிள்ளைகளின் விளையாட்டை வைத்தே அவர்கள் மனதைப் படித்தார். சிகிச்சை அறைக்குள் போனால் மணல் தட்டு, களிமண், வண்ணம், குடும்பப் பொம்மைகள், டாக்டர் செட் இருக்கும். எதை எடுப்பது என்று பிள்ளைதான் முடிவு செய்யும். சிகிச்சையாளர் பின்தொடர்வார். பயந்த ஒன்றைப் பிள்ளை திரும்பத் திரும்ப விளையாடும். ஊசிக்கு அழுதவன் கரடிக்கு ஊசி போடுவான். நடந்தபோது அவன் கையில் எதுவும் இல்லை. விளையாடும்போது எல்லாம் அவன் கையில். அப்படியே பயம் கொஞ்சம் கொஞ்சமாக அளவில் சிறுக்கிறது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை சில:

ஒன்று, தினம் இருபது நிமிடம் கைபேசியை ஓரம் வைத்துவிட்டு அருகே உட்காருங்கள். என்ன விளையாடுவது என்று பிள்ளை சொல்லட்டும்.

இரண்டு, பாடமாக்காதீர்கள். இது என்ன கலர், எத்தனை கட்டை என்று கேட்காதீர்கள்.

மூன்று, நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று மார்க் போடாமல் பார்த்ததைச் சொல்லுங்கள். கரடிக்குக் கோபம் வந்திருக்கு போல என்றால் போதும்.

நான்கு, சாவு, சண்டை, ஆஸ்பத்திரி விளையாட்டு வந்தால் அதட்டாதீர்கள். யாருக்காவது அடிபடும் என்றால் மட்டும் நிறுத்துங்கள்.

ஐந்து, பொருள் குறைவாக இருக்கட்டும், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது, தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது என்றால் வீட்டு வைத்தியம் போதாது. ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் கட்டணமில்லாமல் கிடைக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேரன் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். பீரோ மேலிருந்த பொம்மையை எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை எனக்கும் கொஞ்சம் பூ கொடுத்தான். நானும் போட்டேன். நாலைந்து நாள் அதே விளையாட்டு. பிறகு அவனாகவே பொம்மையை எழுப்பி பள்ளிக்கு அனுப்பிவிட்டான். விளக்கை அணைக்கவும் சம்மதித்தான்.

அடுத்த பொதுக்குழுவில் மணல் குழி பற்றி வாக்கெடுப்பு வரும். பைக் நிறுத்த இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை, அதற்கு வேறு வழி பார்ப்போம். வாக்களிக்கும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கீழே இறங்கி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல் அந்தப் பிள்ளைகளைக் கால் மணி நேரம் பாருங்கள். சான் லொரென்சோ கட்டடத்தில் அந்த டாக்டர் செய்தது அவ்வளவுதான்.